மாணவர் கையில் மண்வெட்டி: நமக்கு ஏன் கூச்சம்?



காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரியை ஒட்டியுள்ள வரிச்சிக்குடி இன்று பாதி கிராமமாகவும் பாதி நகரமாகவும் நிற்கின்றது. நெல் விளைந்த நிலத்தில் எல்லைக் கற்கள் முளைக்கின்றன. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் நாம் மனை வாங்குகிறோம். கம்பி வேலி அடைக்கிறோம். பிறகு காட்டுக் கருவைக்கு விட்டுவிடுகிறோம். அந்த வேலியைக் கடந்துதான் வெளியூர்க் கத்தரிக்காயை வாங்கிவருகிறோம்.

இந்த மனைகளில் ஒன்றை மூன்றாண்டுக்குத் தாருங்கள், தெருவுக்கே காய்கறி விளைவிக்கிறோம் என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? “படிக்க அனுப்பினோமா, மண் வெட்ட அனுப்பினோமா?” இந்த ஒற்றைக் கேள்வியில் ஒளிந்திருக்கும் பெருமையைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

மண்ணில் இறங்குவது இழிவென்று நமக்குக் கற்பித்தவர் யார்? மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களில் பலர் நம் முன்னோரைப் போலவே வணிகர்கள். மதீனத்து அன்ஸாரிகளோ பேரீச்சந் தோட்டக்காரர்கள். தோட்டங்களைச் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொடுக்க அன்ஸாரிகள் முன்வந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைப்பது, விளைச்சலில் பங்கு பெறுவது என்ற ஏற்பாட்டுக்கு இரு தரப்பாரும் இணங்கியதை புகாரியில் காண்கிறோம். இலவசமாகக் கிடைக்கவிருந்த நிலத்தை விட்டு உழைப்பைத் தேர்ந்த அந்தச் சமுதாயத்தின் வழிவந்தவர்கள் நாம். முஸ்லிம் ஒருவர் நட்டதிலிருந்தும் விதைத்ததிலிருந்தும் மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பதும் நபிமொழியே. உண்பவர் எந்தச் சமயத்தவர் என்ற நிபந்தனை அதில் இல்லை.

“இதெல்லாம் பேச்சுக்கு நன்றாயிருக்கும், நடக்குமா?” என்பார்கள். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பால் குவின் என்றொரு கல்லூரி உண்டு. கறுப்பின மக்களுக்கென எழுந்த கல்வி நிலையம் அது. சுற்றுப்புறத்தில் காய்கறி வாங்க ஒழுங்கான கடைகூட இல்லாத ஏழ்மைப் பகுதி. கல்லூரியின் கால்பந்து அணி 2007இல் கலைக்கப்பட்டது. 2010இல் அந்த மைதானமே பண்ணையாக மாறியது. மாணவர்கள் அதில் உழைத்தார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அக்கம்பக்கத்து மக்களுக்குக் கொடையாக வழங்குவதைக் கொள்கையாகவே வைத்தார்கள். பத்தில் ஒன்று என்ற கணக்கு நமக்குப் புதிதா? மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, நீரிறைத்து விளைத்ததில் இருபதில் ஒன்று என்று ஜகாத்தின் அளவை நம் மதரஸாக்களில் சிறு பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். ஒப்பிப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நம் வழக்கம்.

அறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. செருமாவிலங்கையில் 1987 முதல் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி இயங்குகின்றது. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கின்றது. மண் உப்பு என்று ஒதுக்கிவிடுவோருக்கும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய கரை இது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண் தேறும் என்பது டெல்டா உழவர் அறிந்த பழைய பாடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான நிலம் மூழ்கும். ஆகவே மேட்டுப்பாத்தி அமைத்து, மழை ஓய்ந்து தை பிறந்ததும் விதைக்க வேண்டும். கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். வெண்டை ஏறக்குறைய ஐம்பது நாளில் காய்க்கும்.

தண்ணீர்? நம் பள்ளிவாசல் ஹவ்ளைச் சுற்றிச் சாக்கடைக்கு ஓடுவது என்ன? நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது முக்கால் லிட்டர் அளவு நீரில் ஒளூச் செய்தார்கள். நாம் குழாயைத் திறந்துவிட்டு ஆளுக்கு மூன்று லிட்டர் செலவழித்தால் நூறு பேருக்கு ஒரு வேளைக்கே முந்நூறு லிட்டர். ஒளூச் செய்த நீர் நஜீஸ் அல்ல. செடிக்குத் தாராளமாகப் பாய்ச்சலாம்.

மறுப்புகளில் ஒன்றை மட்டும் நாம் மதிக்கிறோம்: “தேர்வும் விடுமுறையும் வந்தால் யார் பார்ப்பது?” உண்மைதான். சித்திரை வெயிலில் இரண்டு வாரம் ஆளில்லாவிட்டால் தோட்டம் கருகிவிடும். பிறகு பிள்ளைகளையே பழிப்போம். ஜூன் 5இல் மரக்கன்று நட்டுப் படமெடுத்துக்கொண்டு, அடுத்த ஜூனில் அதே குழியில் மீண்டும் நடுகிற கூத்து நமக்கு அலுத்துவிட்டது.

ஆகவே கைதட்டலை மாணவர்கள் கேட்கவேண்டாம்; மூன்றை மட்டும் ஜமாஅத்திடம் கேட்கட்டும். முதலாவது, சும்மா கிடக்கும் நிலத்துக்கு எழுத்து வடிவில் மூன்றாண்டு ஒப்பந்தம். வக்ஃபு நிலமானால் இலவசம் வேண்டாம். சட்டப்படி குத்தகை பேசி, முறையான வாடகை கட்டட்டும். உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃபாக்கியபோது, நிலம் விற்கப்படாமல் நிற்கவேண்டும், விளைச்சல் ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் சேரவேண்டும் என்றே நிபந்தனை வைத்தார்கள். முள் மண்டிய வக்ஃபில் ஏழைக்கு என்ன சேரும்? இரண்டாவது, பள்ளிவாசலின் ஒளூ நீர். மூன்றாவது, விடுமுறையில் காவலிருந்து நீர் பாய்ச்ச மஹல்லாவின் பெரியவர்கள் நால்வர். வெளிநாட்டு வேலை முடித்துத் திரும்பி, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே திண்ணையில் அமர்ந்திருப்போர் நம்மில் குறைவா?

விளைவதில் பத்தில் ஒரு பங்கு, தெருவில் அடுப்பெரியச் சிரமப்படும் வீடுகளுக்கு ஸதகாவாகப் போகட்டும். முஸ்லிம் வீடா, சகோதரச் சமுதாயத்து வீடா என்று பார்க்க வேண்டாம். மீதம் நியாய விலையில் தெருவிலேயே விற்கட்டும்.

மறுமை நாளே வந்துவிட்டாலும், கையில் இருக்கும் கன்றை நட முடிந்தால் நட்டுவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நமக்கோ கியாமத் வரவில்லை. மனையின் விலை ஏறும் நாளுக்காகத்தான் காத்திருக்கிறோம். அதுவரையாவது வேலிக் கதவின் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுப்போம். இன்ஷா அல்லாஹ், வரும் தையில் வரிச்சிக்குடி மண் பதில் சொல்லும்.