அழிக்கச் சொல்ல நீங்கள் யார்?

எங்கள் அப்பாயிமாரின் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? கொழுந்துக் கறைக்கு மேலே, முழங்கை வரை பச்சை. கோலம், தேள், சிலருக்குப் புருஷன் பேர். கரியும் பச்சிலைச் சாறும் தொட்டு ஊசியால் குத்தியது. "செத்தாலும் கூட வர்ற நகை இது ஒண்ணுதான்" என்பார்கள். அந்தக் கையோடுதான் மலையேறினார்கள், பேர் பதிந்தார்கள், கொழுந்து நிறுத்தார்கள். ஒரு துரையும் "அதை அழிச்சிட்டு வா" என்று சொன்னதில்லை. உழைப்பு மட்டும் போதுமாக இருந்தது அவர்களுக்கு.

இன்றைக்கு வட்டவளையிலிருந்து கொழும்புக்கு வேலை தேடிப் போகும் பேரனுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. எங்கள் நண்பன் ஒருத்தன், மணிக்கட்டில் அம்மாவின் பேரைக் குத்தியிருந்தான். ஹோட்டல் வேலைக்கு இன்டர்வியூ போனான். எல்லாம் சரி, "கையில இருக்கிறத எடுத்துட்டு வாங்க" என்றார்கள். லேசருக்குக் காசில்லை. ஒன்லைனில் கிரீம் வாங்கிப் பூசினான். பேர் போகவில்லை, தோல் வெந்தது. இப்போது தழும்புக்குள்ளே அம்மா இருக்கிறார். வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

"லேசர் பண்ணினா போச்சு" என்று லேசாகச் சொல்பவர்களுக்கு ஒரு விளக்கம். லேசர் மையைத் துடைத்து எடுப்பதில்லை. நொடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பாயும் ஒளி, தோலுக்குள் இருக்கும் மைத்துகளை உடைக்கிறது. உடைந்த துகளை நம் உடம்பே மெல்ல மெல்ல அகற்ற வேண்டும். அதனால்தான் பல தடவை போகவேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் 6 முதல் 8 கிழமை காத்திருக்கவேண்டும். கறுப்பு மை ஓரளவு எளிதாகப் போகும். பச்சையும் நீலமும் பிடிவாதம் பிடிக்கும். நம் மாநிறத் தோலில் இன்னொரு சிக்கல். தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். 1064 நானோமீட்டர் அலைநீளம்தான் நமக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. அது தெரியாதவர் கையில் மாட்டினால் வெள்ளைத் திட்டோ தடித்த தழும்போதான் மிச்சம்.

2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. ஒரு தடவை லேசருக்கே எத்தனை நாள் கொழுந்து பறிக்கணும்? நீங்கள் கேட்பது தோலை அல்ல, அம்மாவின் உழைப்பை.

"யூனிபோர்ம் மாதிரி அதுவும் ஒரு ஒழுங்குதானே?" என்பார்கள். யூனிபோர்மை மாலையில் கழற்றலாம், தோலைக் கழற்ற முடியாது. மறைக்கத்தான் வேண்டுமென்றால் நீளக் கை சட்டை போதாதா? இந்திய இராணுவமே முன்கையின் உட்பக்கம் டட்டூ இருக்க விடுகிறது. பழங்குடி இளைஞர்களுக்கு மரபைப் பார்த்துக் கூடுதல் தளர்வும் தருகிறது. துப்பாக்கி பிடிக்கத் தடையில்லாத கை, தேநீர் பரிமாற மட்டும் ஆகாதா?

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2014இல் கையில் புத்தர் டட்டூ இருந்ததற்காக ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கைதுசெய்து நாடுகடத்தினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவோடு 8 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. சுற்றுலாப் பயணியின் தோலுக்கு இருக்கும் மரியாதை, லயத்துப் பிள்ளையின் தோலுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

லேசருக்கு நாங்கள் எதிரியில்லை. பழைய காதலின் பேரோ, பதினாறு வயதுக் கிறுக்கோ, வேண்டாமென்று உங்களுக்கே தோன்றினால் தாராளமாக அழியுங்கள். ஆனால் தோல் மருத்துவரிடம் போங்கள். கிரீம், அசிட், சலூன் மெஷின் பக்கம் போகவே வேண்டாம்.

முதலாளிமாருக்கு ஒரே வார்த்தை: அந்த விதியைத் தூக்குங்கள். முடியாதென்றால், லேசர் பில்லை நீங்கள் கட்டுங்கள். அப்போது தெரியும், அந்த விதி உங்களுக்கு எவ்வளவு அவசியம் என்று.