ஒரு கமாவின் விலை

ஒரு சின்னப் புள்ளி. அதற்கு ஒரு குட்டி வால். அதுதான் கமா!

"இதைப் போட்டால் என்ன, விட்டால் என்ன?" என்று ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் கேட்பது உண்டு. பெரியவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் ஒரு வழக்கின் கதையைக் கேட்கவேண்டும்.

அமெரிக்காவில் மெயின் என்று ஒரு மாநிலம். அங்கே ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனி இருக்கிறது. அதில் லாரி ஓட்டிய 3 பேர், 2014-ம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தார்கள்.

வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூலி தரவேண்டும். இது அந்த மாநிலச் சட்டம். அந்தக் கூலி தங்களுக்குக் கிடைக்கவில்லை என்பது டிரைவர்களின் முறையீடு.

சட்டத்தில் சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று ஒரு பட்டியல் போகிறது. அப்போது ஒவ்வொன்றுக்கும் இடையே கமா இருந்தது. கடைசியில் வருவது சிப்பம் கட்டும் வேலையும், வினியோகமும். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் கமா இருக்கவில்லை!

அதனால் இரண்டு பொருள் வந்துவிட்டது.

"அனுப்புவதற்குச் சிப்பம் கட்டுதல் ஒரு வேலை; வினியோகித்தல் வேறொரு வேலை." இது ஒரு பொருள். கம்பெனி இதைச் சொன்னது.

"அனுப்புவதற்கோ வினியோகிப்பதற்கோ சிப்பம் கட்டுதல்." இது இன்னொரு பொருள். டிரைவர்கள் இதைச் சொன்னார்கள். அவர்கள் சிப்பம் கட்டவில்லை, லாரி ஓட்டினார்கள். ஆகவே விலக்கு அவர்களைக் கட்டுப்படுத்தாது!

கீழ்க்கோர்ட்டில் கம்பெனி ஜெயித்தது. 2017-ல் அப்பீல் கோர்ட்டு அதை மாற்றியது. சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை. சந்தேகம் வந்தால், தொழிலாளிக்குச் சாதகமாகவே பொருள் கொள்ளவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

2018-ல் சமரசம் ஏற்பட்டது. கம்பெனி தர ஒப்புக்கொண்ட தொகை 50 லட்சம் டாலர்!

அதற்கு முன்பே, 2017-லேயே, மாநிலச் சட்டசபை விழித்துக்கொண்டது. வாசகத்தைத் திருத்தி, கமாக்களுக்குப் பதிலாக அரைப்புள்ளிகளைப் போட்டது.

பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் கமா போடுவோரும் உண்டு, போடாதோரும் உண்டு. இரண்டுமே ஆங்கிலத்தில் வழக்கம்தான். ஆனால் இரண்டு வேலைகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் இடத்தில் கமாவை விடக்கூடாது. அதற்காக, கண்ட இடத்தில் எல்லாம் தூவுவதும் தவறு.

ஆங்கிலத்தில் மனு எழுதுகிறீர்களா? எழுதியதை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள்.

வேலை ஒப்பந்தமோ, கடன் பத்திரமோ ஆங்கிலத்தில் வந்தால், விவரம் தெரிந்தவரிடம் காட்டிப் பொருளைக் கேளுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கமா சிறியதுதான். உழைத்தவனின் கூலி சிறியது அல்ல!