டேப் சுற்றிய கனெக்டர்கள்

டயோட்டா லேண்ட் குரூஸர் 70 வரிசை 1984இல் வந்தது. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, வளைகுடா என்று சந்தைக்குச் சந்தை வண்டி மாறும். ஒயரிங்கை மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பின்னினால் கட்டுப்படியாகாது. ஒரே ஒயர்க்கட்டு பல மாடல்களுக்குப் போகிறது. டிஃபரன்ஷியல் லாக், பனி விளக்கு, இரண்டாவது டீசல் டாங்க் போன்றவை இல்லாத வண்டியில் அவற்றின் கனெக்டர்கள் டேப் சுற்றித் தூங்குவது இதனால்தான்.

கண்டதும் கை பரபரக்கும், கூடுதல் விளக்குக்கு ரெடிமேட் மின்சாரம் என்று. பொறுங்கள். மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக். மீட்டரைக்கூட வைக்காதீர்கள், அதன் சிறு மின்சாரமே பையை வெடிக்கவைக்கலாம்.

மற்றவற்றில் ஒயரின் நிறம் பேசும். வெள்ளையில் கறுப்புக் கோடு டயோட்டாவில் பெரும்பாலும் எர்த். டயக்ராமில் நீலத்துக்கு 'எல்' என்று போட்டிருப்பார்கள், 'பி' கறுப்புக்குப் போய்விட்டதால். பிறகு மல்டிமீட்டர். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டினால் பேட்டரி நேரடி. சாவியைத் திருப்பியதும் வந்தால் இக்னிஷன். பார்க் விளக்கோடு வந்தால் டேஷ்போர்டு வெளிச்சம். எதற்கும் அசையவில்லையா? ஃபியூஸ் பெட்டியில் அதன் இடம் காலியாக இருக்கலாம்.

வோல்ட் வந்துவிட்டதாலேயே ஒயர் சுமை தாங்கும் என்று அர்த்தமில்லை. 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய ஒயர் உருகி, தீயில் முடியும். ரிலேயை இயக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வெறும் மூடி போலத் தெரியும் சில கனெக்டர்கள் உள்ளே இரண்டு ஒயர்களை இணைக்கும் பாலம். பிடுங்கினால் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோகும்.