வாட்பயிற்சிக் கூடமும் அதன் தளவரிசையும்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் நாட்டிற் பெருக வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. தன் குறையை இடத்தின்மேல் ஏற்றிச் சொல்வாரை எள்ளுதற்கு எழுந்த இம்மொழியை, விளையாட்டு மைதானங்களிலும் ஆசிரியர் சிலர் மாணாக்கரை நோக்கிக் கூறக் கேட்டிருக்கிறோம். ஆயின், கூடம் உண்மையாகவே கோணலாயிருப்பின் ஆடுபவள் யாது செய்வாள்? கூத்தப்பெருமான் ஊராகிய சிதம்பரத்திற்கும் அதற்கு வடக்கே கடற்கரையில் அமைந்த கடலூருக்கும் உரியவர்களாகிய நாம் இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமேயன்றோ? இவ்விரு நகரங்களிலும் கலாசாலை தோறும் வாள்வீச்சுக் கழகம் ஒன்று தோன்றவேண்டுமென்பது நம் விருப்பம். ஆனால் அதனைத் தொடங்க முன்வருவோர் வாள் வாங்கும் முன்னர்த் தரையை நோக்குக என்பதே இச்சிறு வியாசத்தில் நாம் வற்புறுத்த விரும்புவது.

வாள்வீச்சு நமக்கு முற்றும் அயலான கலையன்று. 1783-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட, பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் அதனைக் காத்துநின்ற காலத்தில் இவ்வூர் மக்கள் மேனாட்டு வாளை வேண்டுமளவு கண்டிருப்பர். அவ்வறிமுகத்தை அவர்கள் விரும்பினரோ என்பது வேறு செய்தி. விளையாட்டாக வளர்ந்த வாள்வீச்சோ 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் விழா தொட்டு எல்லா ஒலிம்பிக் விழாக்களிலும் இடம் பெற்று வருகிறது. அவ்விழாவின் வாட்களத்தில் இந்தியாவின் பெயரால் முதன்முதல் நின்றவர் சென்னையிற் பிறந்த பவானி தேவி. 2021-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டோக்கியோ நகரில் அவர் துனீசிய நாட்டு வீராங்கனையை 15-க்கு 3 என வென்று, அடுத்த சுற்றில் பிரெஞ்சு வீராங்கனை மனோன் புருனேயிடம் 7-க்கு 15 எனத் தோற்றார். 2023-ஆம் ஆண்டு ஆசியப் போட்டித் தொடரில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். பள்ளிச் சிறுமியாயிருந்த நாளில் அவர் மூங்கிற் கழியைக் கொண்டு பயின்றவர் என்பது யாவரும் அறிந்தது. அம்மூங்கிற் கழியைப்பற்றிப் பின்னும் ஒரு சொல் சொல்லவேண்டியுள்ளது.

நம் முன்னோர் போர்க்கலையைக் கருவியாற் பெயரிட்டதினும் இடத்தாற் பெயரிட்டதே மிகுதி போலும். களம் என்றும், களரி என்றும், சிலம்பக்கூடம் என்றும் வழங்கும் பெயர்களை நோக்குக. மலையாள நாட்டார் தம் குழிக்களரியை நிலமட்டத்திற்குக் கீழே அகழ்ந்து, 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடையதாய் வகுத்து, மண்ணைப் பதமாக இறுக்கி அமைப்பர். மல்லர் தம் கோதாவின் மண்ணை நாள்தோறும் கிளறிப் பதப்படுத்துவர். தரையும் ஆசிரியருள் ஒருவர் என்று அவர்கள் கருதினர் என்னலாம். இக்காலத்து நாமோ முகமூடி, கையுறை, வாள் ஆகிய யாவற்றையும் பட்டியலிட்டு வாங்கிவிட்டு, “இடம் எங்கே?” என்று இறுதியில் தேடுகின்றோம்.

அங்ஙனமாயின் இறுகிய மண்தரையே போதாதோ எனின், கழிகொண்டு முதற்பாடம் பயில்வார்க்குப் போதும். வாள்வீச்சின் கால்வகை தனித்தன்மை உடையது. களத்தின் நீளம் 14 மீட்டர். அகலம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். இக்குறுகிய பாதையில் முன்னும் பின்னுமாகவே இயங்கவேண்டும். பின்காலால் தரையை உதைத்து, முன்காலை வீசி, குதிகால் முதலில் ஊன்றுமாறு பாய்தலே அதன் உயிர்நிலையான அடி. அப்பாய்ச்சலில் உடலின் எடையைப்போற் பன்மடங்கு விசை முன்காலின் குதிகாலைத் தாக்குகிறது. ஒரு மாலைப் பொழுதில் நூறு முறை பாயும் மாணாக்கனுக்கு நூறு முறையும் அத்தாக்கு உண்டு. அதுவும் பெரும்பாலும் ஒரே காலில். மண்தரையோ பலர் பாய்ந்த இடத்திற் குழிந்துபோம். கருங்கல்லும் சிமிட்டியும் குழியா; ஆனால் தாம் வாங்கிய விசையை இம்மியும் ஏலாது காலுக்கே திருப்பிவிடும். குதிகால் நோவு, முன்னங்காலெலும்பு வலி, முழங்கால் தேய்வு என்பன அவ்வாறு வந்து சேர்வனவே. இவை ஒருநாளில் வருவனவல்ல. ஆதலின் எவரும் தரையைக் குற்றங் கூறுவதில்லை. பையன் சோம்பேறி என்றும், பெண்ணுக்கு வலுவில்லை என்றும் சொல்லிவிட்டு அடுத்த மாணாக்கரைச் சேர்த்துக்கொள்வர்.

இனி, நம் பக்கத்துக் கலாசாலைகளில் எளிதாகக் கிடைக்கக்கூடிய தரைகளைப் பார்ப்போம். நீண்ட தாழ்வாரத்தைக் கண்டவுடன் ‘இதோ பதினான்கு மீட்டர்’ என்று மகிழத் தோன்றும். கடப்பைக்கல் பாவிய தாழ்வாரம் கார்த்திகை மாதத்துச் சாரலில் நனைந்த பின்னர் அதில் நடப்பதே அரிது, பாய்வது எங்ஙனம்? பளபளக்கும் ஓடு பதித்த கூடம் அதனினும் கேடானது. திறப்பு விழாவுக்கு எழுந்தருளும் பெரியோரின் முகம் அதில் தெரியும் என்பதொன்றே அதன் சிறப்பு; இரண்டு துளி வியர்வை விழுந்தால் வாளேந்தியவனின் முகமும் அதில் மோதும். மெத்தென்ற தரையே வேண்டுமெனின், கபடிக்கு விரிக்கும் இணைப்புப் பாய்களை விரிக்கலாமே என்பார் உளர். அவை விழுவார்க்கு நல்லன, பாய்வார்க்கு ஆகா. குதிகால் அவற்றிற் புதைந்து, கணுக்கால் பிரளும். வன்மையும் தீது, மிகு மென்மையும் தீது. உள்ளரங்க விளையாட்டுத் தரை மோதும் விசையில் 25 விழுக்காட்டிற்குக் குறையாமலும் 75 விழுக்காட்டிற்கு மேற்படாமலும் தான் ஏற்கவேண்டும் என்று ஐரோப்பியர் விதி வகுத்திருப்பது இதுகருதியே. அவ்வளவில் நிற்பது, அடியில் இடைவெளி விட்டு அமைத்த பலகைத் தளம்.

பலகைத் தளம் என்றவுடன் மரம் வாங்கப் புறப்படுதல் கூடாது. நம் இரு நகரங்களின் நிலமும் நீரும் முதலில் ஆராயத்தக்கன. சிதம்பரம் வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்டது. அவ்வட்டாரத்துக் களிமண் கோடையில் வெடித்து மழையில் விம்மும். அதன்மேல் நேரே இட்ட சிமிட்டித் தளம் சில ஆண்டுகளிற் பிளவுறுதல் இயல்பு. களிமண்ணை வேண்டுமளவு அகற்றி, மணல் நிரப்பி, நீர்விட்டு இறுக்கிய பின்னரே அடித்தளம் இடவேண்டும். கடலூரின் கரையோர மணலில் அவ்விடர் குறைவு. அங்கே பகைவர், உப்புக்காற்றும் வெள்ளமும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் அக்கரையைத் தாக்கியதையும், 2015-ஆம் ஆண்டு இறுதியில் பெய்த பெருமழையையும் மறந்தார் யார்? அம்மழையில் நீர் எம்மட்டம் ஏறிற்று என்பதைச் சுற்றியுள்ளாரிடம் கேட்டறிந்து, அம்மட்டத்திற்கு மேலே பீடம் எழுப்பாமல் மரத்தளம் இடுவது பணத்தைக் கெடிலத்தில் விடுவதற்கு ஒப்பாகும்.

அடித்தளக் காங்கிரீட்டு 28 நாளில் தன் வலிமையை எய்தும் என்பர் பொறியாளர். வலிமை பெற்றது உலர்ந்தது ஆகாது. அதன் உள்ளீரம் போகப் பல மாதங்கள் செல்லும். எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு முழச் சதுரமுள்ள பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து எடுத்துப் பார்க்கவேண்டும். தாளின் அடியில் நீர் முத்துக்கள் அரும்பியிருப்பின், ஒப்பந்தக்காரர் எத்துணை அவசரப்படுத்தினும் பலகை வேலை தொடங்கலாகாது. ஈரம் இல்லையெனின், ஈரத்தடைத் தாள் விரித்து, ரப்பர் அணைகளை இடையிட்டு வைத்து, அவற்றின்மேல் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்காக அமைத்து, அதன்மேல் ஒட்டுப்பலகை இரண்டு படலம் பொருத்துவர். கறையான் மருந்து ஏற்றாத ஒரு சட்டங்கூட உள்ளே செல்லலாகாது. நம் நாட்டுக் கறையானுக்குத் தேக்கென்றும் வேம்பென்றும் மரியாதை மிகுதியில்லை. பலகைகளை அக்கூடத்திலேயே சில நாள் கிடத்தி, அவ்விடத்துக் காற்றிற்குப் பழகவிட்டுப் பின்னர்ப் பதித்தல் வேண்டும். சுவரோரத்தில் அரை அங்குலம் வெளி விடுதலும் இன்றியமையாதது. அக்கினி நட்சத்திரத்து வறட்சியில் இடைவெளியின்றி இறுக்கிய பலகை ஐப்பசியில் விம்மி எழும். ஐப்பசியில் இட்டது சித்திரையிற் சுருங்கிப் பல்லிளிக்கும். தை, மாசி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்ற காலம் என்பது நம் துணிபு. வேலை முடிந்தபின் 3 மீட்டர் நீளமுள்ள நேர்கட்டையைத் தளத்தின்மேற் கிடத்திப் பார்க்குங்கால், அதன் அடியில் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சந்து தோன்றுமாயின் திருத்தச் சொல்லலாம். கணக்குத் தீர்க்கு முன்னரே சொல்லுதல் நலம்.

இத்துணையும் ஒரு சிறு கழகம் தனித்துச் செய்யவல்லதோ எனின், செய்யவேண்டுவதில்லை என்பதே நம் விடை. பூப்பந்தாட்டம் எனப்படும் பாட்மிண்டன் ஆட்டக்களம் 13.40 மீட்டர் நீளமும் 6.10 மீட்டர் அகலமும் உடையது. அதன் இரு முனைக்கும் அப்பால் இரண்டிரண்டு மீட்டர் வெளி விடப்பட்டிருக்குமாயின், 14 மீட்டர் வாட்களமும் அதன் இருபுறத்துப் பின்வாங்கு வெளியும் அதிற் செம்மையாக அடங்கும். அகலத்தில் இரண்டு களங்களை இடைவெளியுடன் வகுக்கலாம். ஆதலின் நல்ல மரத்தளமுள்ள பாட்மிண்டன் கூடம் எங்குண்டோ அங்கே வாரத்திற் சில மாலைகளை வாள்வீச்சினர்க்கு ஒதுக்குதலே சிக்கனமும் அறிவுடைமையும் ஆகும். புதிதாய்க் கூடம் எழுப்புவோரும் இரண்டு விளையாட்டிற்கும் பொதுவாகவே அளவெடுத்தல் வேண்டும். இதற்குத் தடையாய் நிற்பது தரையன்று. கூடத்தின் திறவுகோல் யாரிடம் இருக்கவேண்டும் என்னும் வழக்கே.

உலோகத் தரையைப்பற்றிச் சிலர் கொண்டுள்ள மயக்கத்தையும் இங்கே களைதல் தகும். போட்டிகளில் களத்தின்மேல் அலுமினியத் தகடோ உலோக வலையோ விரித்திருப்பதைக் கண்டு, அஃதின்றிக் கழகமே இல்லை என்று எண்ணுகின்றனர். ஃபாயில், எப்பே, சேபர் என வாள்வகை மூன்று. முதலிரண்டின் நுனியிலும் அழுந்தும் பொத்தான் ஒன்றுண்டு. நுனி தரையிற் பட்டாலும் விளக்கு எரிந்துவிடும். அதனைத் தடுத்தற்கே பதிவுக்கருவியோடு இணைத்த உலோகத் தரை வேண்டப்படுகிறது. சேபரில் அப்பொத்தானே இல்லை. ஆகவே அத்தரையும் வேண்டா. பவானி தேவி ஏந்திய வாள் சேபரே. நம் பக்கத்துக் கழகங்கள் சேபரிலிருந்து தொடங்குமாயின் ஒரு பெருஞ்செலவு தள்ளிப்போம். ஆனால் மூன்றினுள்ளும் மிக விரைந்த கால்களை வேண்டுவது சேபர் ஆதலின், மிஞ்சிய பணத்தைப் பலகைக்குக் கீழுள்ள ரப்பரிலும் சட்டத்திலும் இடுவது கடமையாகும். பின்னாளில் மற்ற இரண்டையும் பயிற்றுவிக்க நேரின், சுருட்டி வைக்கத்தக்க வலையை வாங்குக. தரையிற் பதிக்கும் தகட்டை வாங்கற்க. கடற்காற்றிற் செம்பு வலை களிம்பேறும். களிம்பேறிய இடத்தில் மின்சாரம் தடைப்படும். ஆட்டம் முடிந்ததும் துடைத்துச் சுருட்டி உலர்ந்த அறையில் வைப்பதற்கு ஒரு மாணாக்கர் குழுவையும் வலையோடு சேர்த்தே நியமித்தல் வேண்டும்.

“மூங்கிற் கழியால் பயின்ற பெண் ஒலிம்பிக் சென்றார், நீவிரோ தரைக்கு இத்துணை ஆரவாரம் செய்கின்றீர்” என்று நம்மை மறுப்பார் இருக்கக்கூடும். மூங்கிற் கழி வாளுக்கு ஈடாய் நிற்கலாம் என்பதையன்றி வேறொன்றையும் அவ்வரலாறு காட்டவில்லை. அவரும் நெடுநாள் மூங்கிலோடு நின்றாரல்லர். தலசேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி நிலையத்திற்கும், பின்னர் இத்தாலி நாட்டு லிவோர்னோ நகரத்திற்கும் சென்று பயின்றார். வாளுக்கு ஈடாகக் கழியைக் கொள்ளலாம். முகமூடிக்கு ஈடாக எதுவும் ஆகாது, பாய்ச்சலுக்கு ஈடான தரைக்கும் எதுவும் ஆகாது. விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே கலாசாலையில் ஓரிடமும், அதன்பின் ஓர் உத்தியோகமும் கிட்டும் என்று நம்பியே பிள்ளைகள் பலரை அவர்தம் பெற்றோர் மைதானத்திற்கு அனுப்புகின்றனர். அப்பிள்ளைக்கு முதல் என்பது இரண்டு கால்களே. பதினெட்டு வயதில் முழங்கால் தேய்ந்து வீடு திரும்பும் மகளுக்கு, நாம் பளிங்குபோல் ஓடு பதித்தோம் என்று விடை கூறமுடியுமோ?

ஆகவே கழகம் காண விழைவோர் முதற் கூட்டத்திலேயே வாள் விலைப்பட்டியலை மேசைமேல் வைக்கவேண்டா. அளவுநாடா ஒன்றும், ரசமட்டம் ஒன்றும், ஒரு முழப் பாலித்தீன் தாளும் எடுத்துக்கொண்டு, கருதிய கூடத்திற்குச் சென்று வருக. மழை விட்டபின் அன்று. கார்த்திகை மாதத்து அடைமழையிலேயே செல்லுக.