ஓடுகிற பழமைக்கு மரியாதை கிடையாதா?

பழைய கார் என்றதும் நம்மவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது ஊர்வலம்தான். 1964-ல் டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழங்கார் ஊர்வலத்தைத் தொடங்கி வைத்தது. அதன் பிறகு சென்னை உட்படப் பல நகரங்களில் மெழுகு தேய்த்து மினுக்கிய வண்டிகள் ஆண்டுக்கொரு நாள் வெளியே வந்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகின்றன. கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பேசட்டும், பேச வேண்டிய இடம்தான். ஆனால் பழைய வண்டி என்றால் அது பார்ப்பதற்கு மட்டுமே என்ற எண்ணம் இப்போது சட்டத்திலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. சாந்தன்பாறையில் இருந்துகொண்டு அந்தச் சட்டத்தைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

சாந்தன்பாறையை அறியாத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டத்தில், பூப்பாறையைத் தாண்டியதும் வரும் ஏலக்காய் ஊர் இது. 2022 அக்டோபரில் இங்குள்ள கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஊர் பெயர் பத்திரிகைகளில் வந்தது. மற்ற நாட்களில் எங்களைத் தேடி வருபவர்கள் ஏலக்காய் வியாபாரிகளும், போடிமெட்டு வழியாகத் தினந்தோறும் மலையேறி வரும் தேனி மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளர்களும்தான். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் சோற்றுத் தூக்குடன் ஊரை விட்டுக் கிளம்பி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பனி விலகுமுன் ஏலக்காட்டுக்குள் நிற்பார்கள். மாலையில் அதே வழியில் இறக்கம். அவர்களைச் சுமப்பது ஜீப்.

ஆளை மட்டும் அல்ல. எடுத்த பச்சைக்காயை ஸ்டோருக்குக் கொண்டுபோவது, உரமூட்டை ஏற்றுவது, பிரசவத்துக்குப் பெண்ணை ஆஸ்பத்திரி சேர்ப்பது எல்லாம் ஜீப்தான். தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டப் பாதைகளில் கல்லும் களியும். அங்கே புதிய கார் எதுவும் இரண்டு மழைக்காலம் தாங்காது. ஆகவே இருபது, முப்பது, நாற்பது வருடத்து மஹிந்திரா ஜீப்புகள் இங்கே சர்வ சாதாரணம். யாரும் அவற்றைப் பழம்பொருள் என்று நினைப்பதில்லை. நானும் அப்படி ஒன்றை வைத்திருப்பவன். காலையில் ஹீட்டர் பிளக் சூடேறக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் அதன் வயதைப் பற்றிச் சிந்திக்க எனக்கு நேரமிருப்பதில்லை.

ஆனால் வயது இருக்கத்தான் செய்கிறது, வம்சமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெயரெடுத்த அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1953-ல் வில்லிஸ் கொண்டுவந்த சி.ஜே.3பி என்ற மாதிரிதான் நம் ஊர் ஜீப்பின் முகம். அதன் பானெட் ஏன் அவ்வளவு உயரம் என்று பலர் கேட்பதுண்டு. புதிதாக வைத்த ஹரிக்கேன் எஞ்சின் முந்தையதைவிட உயரம். அதை மூட வேறு வழியில்லாமல் பானெட்டைத் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் அந்த மாதிரி 1968-லேயே நின்றுபோனது. இங்கே பல பத்தாண்டுகள் அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் எஞ்சின் குடித்த குடிக்கு ஏலக்காய் விலை எந்த நாளும் ஈடுகொடுக்கவில்லை. ஆகவே மலையில் இருந்தவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டார்கள். மஹிந்திராவே 1980-களில் எம்.எம்.540 ஜீப்பில் பெஜோ டீசல் எஞ்சினை வைத்தது. பின்னால் கமாண்டர், மேஜர், மார்ஷல் என்று பெயர்கள் மாறின. ஆனால் பட்டை, ஆக்சில், கியர்பெட்டி எல்லாம் அண்ணன் தம்பி உறவுதான். ஒன்றின் சாமான் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும், அல்லது லேத்தில் கொஞ்சம் சீவினால் பொருந்தும்.

இந்த வண்டியை வைத்திருப்பது என்றால் அதோடு குடும்பம் நடத்துவது. மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று காலையில் முதலில் பார்க்க வேண்டும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் நான்கும் போகும். கை பிரேக் இருக்கிறதே என்று எண்ணவும் முடியாது. அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்டில் ஒரு கிராஸ் உடைந்தால் கை பிரேக்கும் பேச்சுக்குத்தான். ஓடையில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீரும் சேறும் போய் லைனிங் வழுக்கும். லேசாக மிதித்துக்கொண்டே சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகுதான் இறக்கத்தில் விட வேண்டும். டீசல் குழாயில் ஏர் பிடித்தால் ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நிற்கும் வரை கைப்பம்பை அமுக்க வேண்டும். மெயின் பட்டை எந்தக் கல்லில் ஒடியும் என்று சொல்ல முடியாது. அதனால் ஸீட்டுக்கு அடியில் ஒரு பழைய பட்டை, இரண்டு யூ போல்ட், கட்டுக்கம்பி, ரப்பர் குழாய்த் துண்டு எல்லாம் எப்போதும் கிடக்கும். வீட்டில் மஞ்சள் தீர்ந்தாலும் தீரும், இவை தீரக்கூடாது.

இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் யாரும் படிக்கவில்லை. பூப்பாறையிலும் போடியிலும் தேனியிலும் உள்ள பட்டறைகளில் பத்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போன பையன்கள், இன்று சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்லும் மேஸ்திரிகளாக இருக்கிறார்கள். சாமான் கிடைக்காவிட்டால் கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடிப் பிடிப்பார்கள். அங்கும் இல்லாவிட்டால் தாமே அடித்துச் செய்வார்கள். ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட அந்த மேதை அதற்கு முன் செய்தது ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, கழற்றிப் பார்த்து, மறுபடி பூட்டியதுதான். அதே காரியத்தைத்தான் இந்த மேஸ்திரிகளும் செய்கிறார்கள், அதுவும் ஆண்கள் பெண்கள் முப்பது பேர் கூலி நேரம் போகிறதே என்று ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

இனி சட்டத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகியிருக்க வேண்டும். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. அப்படி இருந்தால் 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுப் பதிவும், 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி எண்ணும் கிடைக்கும். அதற்கு நிபந்தனை என்ன தெரியுமா? அன்றாட உபயோகத்துக்கோ தொழிலுக்கோ அதை ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, எண்ணெய் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

சாந்தன்பாறையில் 1970-களின் தொடக்கத்தில் பதிவான ஒரு ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் எஞ்சின் மாறியிருக்கிறது. தரைத் தகடு துருப்பிடித்து மூன்று முறை மாற்றியாகிவிட்டது. கூரைக்குப் படுதா போய்த் தகரம் வந்திருக்கிறது. ஆகவே அது பழம்பெருமை உடையதல்ல. அதே ஆண்டில் வாங்கிய இன்னொரு ஜீப், சொந்தக்காரர் ஓட்டாமல் ஷெட்டில் போட்டு வைத்ததால் அசல் எஞ்சினோடு அப்படியே இருக்கிறது. அதற்கு மரியாதை. உழைத்த வண்டிக்கு அவமானம், தூங்கிய வண்டிக்குப் பட்டம்! எஞ்சின் மாற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. பகட்டுக்காகச் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்த அது அவசியம்தான். ஆனால் பிழைப்புக்காக என்றோ செய்த மாற்றங்களும் அதே வலையில் விழுகின்றன.

மறுபக்கம் கட்டணம். பதினைந்து ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது. இருபது ஆண்டு கடந்ததற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். கேரள அரசும் தன் பங்குக்கு, 2025-26 நிதிநிலை அறிக்கையில் பதினைந்து ஆண்டு கடந்த தனியார் வாகனங்களின் வரியை 50 சதவீதம் உயர்த்தியது. பழையதைக் கழித்துக்கட்டுங்கள் என்பதைப் பணத்தின் மொழியில் சொல்கிறார்கள். நகரத்தில் ஆபீசுக்குப் போக இரண்டாவது கார் வைத்திருப்பவருக்கு இது புரியும். ஆனால் ஓர் ஏக்கர் ஏலமும் ஒரு ஜீப்பும் மட்டுமே சொத்தாக உள்ளவர் என்ன செய்வார்? அவர் வண்டியை விற்கப் போவதில்லை. பதிவைப் புதுப்பிக்காமல் தோட்டத்துக்குள் ஓட்டுவார். பதிவில்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. பாதுகாப்புக்காக என்று கொண்டுவந்த கட்டணம் கடைசியில் பரிசோதிக்காத வண்டிகளைத்தான் பெருக்கும்.

பழைய ஜீப்பில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. புகை கக்குகிறது, அது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, ஆள் ஏற்றும் அளவு. எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரை அடைத்து, பின்னால் நான்கு பேரைத் தொங்கவிட்டு, பனிமூட்டத்தில் போடிமெட்டில் இறங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த மலைப்பாதைகளில் ஜீப் கவிழ்ந்து தோட்டத்துப் பெண்கள் உயிரிழந்த செய்திகளும் நமக்குப் புதியவை அல்ல. சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் கூலிக்கு ஆளேற்றுவது குற்றம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குற்றங்கள் நேற்று வாங்கிய வண்டியிலும் நடக்கின்றன. இருபது பேர் எடையை இழுத்துப் பிடிக்கும் பிரேக் எந்த ஜீப்பிலும் கிடையாது. வண்டியின் பிறந்த தேதியைப் பார்த்துப் பணம் வாங்குவது அதிகாரிகளுக்குச் சுலபம். வளைவில் நின்று தலையை எண்ணுவதுதான் கஷ்டம்.

உலகில் இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டு ஜீப்னி, போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற ஜீப்புகளிலிருந்து பிறந்தது. நம் வண்டிக்குப் பங்காளி. அங்கே 2017-ல் அரசு நவீனமாக்கும் திட்டம் கொண்டுவந்தபோது, புது வண்டியின் கடனைத் தாங்க மாட்டோம் என்று ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யாழ்ப்பாணத்துக் கதை நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1990-களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, அங்குள்ளவர்கள் ஆஸ்டின் ஏ40, மோரிஸ் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்பரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளியும் கர்ப்பிணியும் அந்தப் புகையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எளிய எஞ்சினும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளும் இருந்ததால் அது முடிந்தது.

எனவே என் யோசனை இது. கண்காட்சி வண்டிக்கு ஒரு வகுப்பு இருப்பதுபோல், உழைக்கும் பழைய வண்டிக்கும் ஒரு வகுப்பு வேண்டும். அதில் வயதுக்காக ஒரு பைசாவும் கூடுதலாக வாங்கக்கூடாது. அதற்குப் பதிலாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனை ஆண்டுதோறும் நடக்கட்டும். நான் முதல் ஆளாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். ஒற்றை வழி பிரேக்கை இரட்டை வழியாக மாற்றுவதைக் குற்றமாகக் கருதாமல் கட்டாயமாக்கட்டும். முன்பு மாற்றிய எஞ்சின்களை ஒருமுறை பார்வையிட்டு, தகுதியானவற்றை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக் கொடுக்கட்டும். நாற்பது வருடம் பட்டறையில் நின்ற மேஸ்திரியின் அனுபவத்தைச் சோதித்து ஒரு சான்றிதழ் வழங்க ஐ.டி.ஐ.க்களால் முடியாதா? தோட்ட முதலாளிகளும் ஆள் எண்ணிக்கைக்கேற்ப வண்டி அனுப்ப வேண்டும். இரண்டு ஜீப்புக்கு உள்ள கூட்டத்தை ஒன்றில் ஏற்றி மிச்சம் பிடித்த பணத்தில் எந்த ஏலச்செடியும் கூடுதலாகக் காய்க்காது.

பரிசோதனையை ஜூன் மழைக்கு முன், மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். அதற்குச் சமதள மைதானம் வேண்டாம். பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் வழியில் ஒரு நல்ல இறக்கமாகப் பார்த்து, உட்காரக்கூடிய ஆளின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, டிரம்மில் தண்ணீரும் ஊற்றிவிட்டு, வண்டியை நிறுத்திக் காட்டச் சொல்லட்டும். நிற்காத வண்டியை, அது போன வருடம் வாங்கியதாக இருந்தாலும், அங்கேயே சாவியைப் பிடுங்கிக்கொள்ளட்டும்.