கைத்தொழிலும் குலத்தொழிலும்

ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில், தோழர் இராஜகோபாலாச்சாரியார் 1878-ல் பிறந்த வீட்டைச் சர்க்கார் நினைவு இல்லமாக வைத்துக் காப்பாற்றி வருவதை வாசகர்கள் அறிவார்கள். அதில் நமக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சங்கதியை யோசிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். ஆச்சாரியாரின் தகப்பனார் அவ்வூர் முன்சீப்பு. மகன் முன்சீப்பாகவே இருந்துவிடவில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் படித்தார், சேலத்தில் வக்கீலானார், 1948-ல் இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலானார். மனிதன் தன் அறிவு போகிற வழியில் போவது நியாயந்தான். அப்பேர்ப்பட்டவர் சென்னை ராஜ்யத்து முதல் மந்திரியாய் இருந்து 1953-ல் கொண்டுவந்த கல்வித் திட்டம் என்ன? கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பது, மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்பது! குயவர் மகனுக்குச் சக்கரம், துணி வெளுப்பவர் மகனுக்கு ஆற்றுத்துறை, முன்சீப்பு மகனுக்கு மாத்திரம் கவர்னர் ஜெனரல் உத்தியோகம். பெரியாரும் கழகத்தாரும் கிளர்ச்சி செய்து, 1954-ல் ஆச்சாரியார் பதவியை விட்டிறங்கி, காமராசர் முதல் மந்திரியான பிறகுதான் அத்திட்டம் ஒழிந்தது.

ஒழிந்த திட்டத்தை இன்று ஏன் கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். அது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பதால்தான் கிளறுகிறோம். கைவினைக்காரருக்குக் கடனும் கொடுத்து, அவர்கள் சரக்குக்குப் புதிய சந்தையும் தேடித்தருவதாகச் சொல்லி, மத்திய சர்க்கார் 17-9-2023-ல் விசுவகர்மா திட்டத்தைத் துவக்கிற்று. 18 தொழில்கள், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவிகித வட்டியில் 3 லட்சம் வரை கடன். கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் கூடவே "குடும்பவழிப் பாரம்பரியத் தொழில்" என்றும் "குரு சிஷ்ய பரம்பரை" என்றும் எழுதியிருக்கிறார்களே, இது எதற்கு? வயது 18 நிரம்பினால் போதுமாம். 18 வயது என்பது காலேஜ் வாசலில் கால் வைக்கிற வயதல்லவா?

நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பார்கள். பசித்தவன் எதிரே ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டாயமில்லை என்று சொல்லுவதற்கு என்ன அர்த்தம்? இந்தக் காரணங்களாலேயே தமிழ்நாட்டு சர்க்கார் 2024 நவம்பரில், அத்திட்டத்தை உள்ளபடியே ஏற்க முடியாது என்று எழுதிவிட்டு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் துவக்கிற்று. 25 தொழில்கள்; வயது 35-க்கு மேல்; தகப்பன் தொழிலாய் இருக்கவேண்டும் என்கிற நிபந்தனை கிடையாது. இது யோக்கியமான மாறுதல்.

நிற்க, குலமில்லாவிட்டால் தொழில் அழிந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் தொரப்பள்ளிக்கு மேற்கே எல்லை தாண்டிச் சன்னபட்டணத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். மரத்தைக் கடைந்து அரக்குச் சாயமேற்றி அவர்கள் செய்யும் பொம்மைகள் கடல் கடந்து போகின்றன. அத்தொழில் திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகத்தாரிடம் கற்றது என்று சொல்லுகிறார்கள். முஸ்லிம்களும் செய்கிறார்கள், இந்துக்களும் செய்கிறார்கள். பெண்களும் பயிற்சி பெற்று மின்சாரக் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறார்கள். தொழில் அழிந்தா போயிற்று? ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் போல்கடாங்கா என்கிற ஊர்ப்பக்கத்துப் பெண்கள் புல்லைப் பின்னிச் செய்யும் கூடைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலை போகின்றன. நம்மூரில் மூங்கிற்கூடை முடைகிறவரை மாத்திரம் வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேரம் பேசுகிறோம். கூடை உள்ளே போகலாம், முடைந்த கை உள்ளே வரக்கூடாதாம்!

ஓசூரில் கைக்கடிகாரம் செய்யும் ஆலை இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிற பெண்ணிடம் உன் பாட்டன் கடிகாரம் செய்தானா என்று யாராவது கேட்பதுண்டா? பானைக்கும் பாய்க்கும் மாத்திரம் பாட்டன் எதற்கு?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. குடும்பவழி என்கிற சொல்லைத் திட்டத்திலிருந்து அடியோடு எடுத்துவிட வேண்டும். கைத்தொழிலைச் சம்பளம் வாங்கும் வாத்தியார் வைத்துத் தொழிற்பள்ளியில் யாவருக்கும் கற்பிக்க வேண்டும். உள்ளூர்க் குயவரே வாத்தியாராய் இருக்கட்டும். அக்கிரகாரத்துப் பிள்ளைக்கு ஆசையிருந்தால் அவனும் வந்து மண் பிசையட்டும். சந்தை தேடித்தருகிறவர்கள், பட்டணத்துக் கடையில் விற்ற விலை என்ன, செய்தவர் கைக்கு வந்தது என்ன என்கிற இரண்டு தொகையையும் சரக்கின் சீட்டிலேயே அச்சடித்து ஒட்டட்டும்.