சுயதொழிலுக்கு முதலில் வேண்டியது இடம்

கொழும்பு–கண்டி வீதியில் பிலிமத்தலாவையைத் தாண்டும்போது பித்தளைக் கடைகள் வரிசையாக வரும். வாசலிலேயே குத்துவிளக்குகள் ஆள் உயரத்துக்கு நிற்கும். தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் கொழும்பிலிருந்து வருகிற கூட்டத்துக்கு அதுதான் பாதை. சுற்றுக் கிராமங்களில் வார்ப்பவர், செதுக்குபவர், மெருகு போடுபவர் எல்லோரும் உண்டு. அங்கே வளரும் பிள்ளை பட்டறை போட நினைத்தால் யாரும் வியக்கமாட்டார்கள். ஒரே தொழில் ஓரிடத்தில் திரண்டால் கைப்பழக்கமும் வாடிக்கையும் தாமாக வந்து சேரும் என்பதை அல்பிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கியிருக்கிறார்.

ஏ9 வீதியில் இருக்கும் அக்குறணையும் அப்படித்தான். பிங்கா ஓயா பெருகிக் கடைக்குள் தண்ணீர் புகுந்தாலும், வடிந்ததும் சேற்றை அள்ளிவிட்டு அதே இடத்தில் கதவைத் திறக்கிறார்கள். வீதி தரும் வியாபாரம் அப்படிப்பட்டது.

இனி மலைக்கு ஏறுவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இருப்பதும் இதே கண்டி மாவட்டத்தில்தான். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நன்றாகத் தைக்கத் தெரிந்த பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் இருக்கும் லயக் காம்பராவுக்கு உறுதி இல்லை. ஈடு வைக்க எதுவும் இல்லை. வாசலில் ஒரு தாழ்வாரம் இறக்கவும் தோட்ட நிருவாகம் சம்மதிக்க வேண்டும். கையில் காசுள்ள வாடிக்கையாளர் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறார். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தாராளமாக வேலை செய்ய வழிவிட்ட சட்டத் திருத்தமே 2018இல்தான் வந்தது.

இவளுக்கு நாம் தையல் இயந்திரம் கொடுக்கிறோம், மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறோம். தொழில் படுத்துவிட்டால் கோப்பில் "ஆர்வம் போதாது" என்று எழுதிவிடுகிறோம். இது அநியாயம். பிலிமத்தலாவைப் பையனிடம் நாம் கண்ட ஆர்வத்தில் பாதி, அவன் வீட்டு வாசலில் ஓடும் வீதி கொடுத்தது.

சுயதொழில் உத்தியோகத்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யுமுன் அந்த வீட்டுக்கு நடந்து போய்ப் பாருங்கள். காணி யாருடையது, பஸ் எங்கே நிற்கிறது, அதே தொழிலில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இயந்திரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, கலஹா, தெல்தோட்டைக் கடைவீதிகளில் பொதுவாக ஓர் அறை வாடகைக்கு எடுக்கக் கேட்டு உங்கள் பிரதேச செயலகத்துக்கு இந்த மாதமே எழுதுங்கள்.